மலைக்கு இந்தப் பக்கம்

சிவகாசியில் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட சட்டை கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அதே சட்டையை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு ஓடையை ஒட்டிய மாந்தோப்பு நிழலில் காயப் போடுங்கள். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து தொட்டாலும் காலர் ஈரமாகத்தான் இருக்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. மாவட்டம் ஒன்று, சூரியன் ஒன்று, சட்டையும் ஒன்றுதான்.

விடுமுறைக்கு அந்த அடிவாரத்துப் பக்கம் போகிற பிள்ளைகள் நிறைய உண்டு. வத்திராயிருப்பில் அத்தை வீடு இருக்கும், மம்சாபுரத்தில் தாத்தா தோப்பு இருக்கும், ராஜபாளையத்துக்கு மேற்கே யாராவது தெரிந்தவரின் தோட்டத்து வீடு இருக்கும். போன இரண்டாம் நாளே “இங்கே என்ன இருக்கு? சிக்னல்கூட எடுக்கலை” என்று முகம் தொங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் நின்று மேற்கே பாருங்கள். நீலமாகத் தெரிகிறதே, அந்த மலைதான் இந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எந்த மரத்தில் எந்த அணில் கூடு கட்டும், எந்த மண்ணில் பருத்தி விளையும் என்பது மட்டும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் எந்த ஊரில் வர வேண்டும் என்பதில்கூட அதற்குப் பங்கு உண்டு.

முதலில் காற்றைக் கவனிப்போம். இந்த மலைத்தொடரில் கோட்டைமலை என்ற சிகரம் 2,019 மீட்டர் உயரம். சிவகாசி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம்தான். மேலே போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. சிவகாசியில் 38 டிகிரி அடிக்கிற நேரத்தில் அந்த உச்சியில் எவ்வளவு இருக்கும்? 26 டிகிரிக்குப் பக்கத்தில். ஊட்டிக்குப் போகாமலே ஊட்டிக் குளிர் நம் மாவட்ட எல்லையில் இருக்கிறது. என்ன, அங்கே போக நமக்கு அனுமதி கிடையாது.

உயரப் போனால் சூரியனுக்குப் பக்கம்தானே, ஏன் குளிர வேண்டும்? சைக்கிள் டயரின் வால்வை அழுத்திக் காற்றைப் பீறிடவிட்டு, அதில் விரலை வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருக்கும். நெருக்கிக் கிடந்த காற்று விரியும்போது தன் வெப்பத்தை இழக்கும். பம்பில் வைத்து நெருக்கினால் பம்பின் அடி சூடாகும், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மலைமேல் காற்றழுத்தம் குறைவு. ஆகவே மலையேறுகிற காற்று விரியும், குளிரும். கீழே இறங்குகிற காற்று நெருங்கும், சூடாகும்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வாருங்கள். அரபிக்கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. எதிரே மலை. சுற்றிப் போக வழி இல்லாததால் ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. மேகமாகத் திரட்டி, அந்தப் பக்கத்திலேயே, கேரளத்தில், மழையாகக் கொட்டிவிடுகிறது. கேரளத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே வங்கக்கடலிலிருந்து வருவது.

கதை அத்தோடு முடியவில்லை. நீராவி நீராக மாறும்போது வெப்பத்தை வெளியே விடும். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிரும். மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது அதில் மேகம் இல்லை, எனவே கிலோமீட்டருக்கு 10 டிகிரி என்ற வேகத்தில் சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம்! ஆனி, ஆடியில் விருதுநகர்ப் பக்கம் புழுதியை வாரியடிக்கும் மேல்காற்று அந்தப் பக்கம் மழையாகப் பெய்துவிட்டு வந்த காற்றேதான். ஈரம் போய், சூடு கூடி வருகிறது. இப்படி மலையின் முதுகுப்புறம் கிடக்கும் நிலத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். அடிவாரத்தில் மட்டும் சில நாள் மேகம் மலையைத் தாண்டி வழிந்து சாரலாக விழும். தோப்புக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது அந்தச் சாரலுக்காகத்தான்.

இதை அளந்தும் பார்க்கலாம். சாதாரண வெப்பமானி இரண்டு கிடைத்தால், ஒன்றின் குமிழில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள். இரண்டையும் நிழலில், காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நனைத்தது குறைவாகக் காட்டும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, காற்று அவ்வளவு உலர்ந்தது. சிவகாசியிலும் ஓடைக்கரையிலும் ஒரே நாளில் அளந்து எழுதிவையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரே அளவு கைக்குட்டை இரண்டும் ஒரு கடிகாரமும் போதும்.

இந்த உலர்ந்த காற்றை வைத்துத்தான் சிவகாசி பிழைக்கிறது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லாத வானம் பார்த்த பூமி. வேலைக்கு ஏங்கிய கைகள் ஏராளம். அதோடு இந்தக் காற்று. தீக்குச்சி எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். குச்சிகளைச் சட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குவார்கள். முனையை முதலில் உருகிய மெழுகில் தோய்ப்பார்கள். தலையில் பிடித்த தீ மரத்துக்கு இறங்குவதற்கு மெழுகு வேண்டும். பிறகு மருந்தில் முக்குவார்கள். அந்த மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், எல்லாவற்றையும் பிடித்துவைக்கப் பசை. பசை காய்ந்தால்தான் குச்சி. நசநசவென்று ஈரக்காற்று அடிக்கும் ஊரில் அது காய்வதற்குள் பாதி நாள் போய்விடும்.

தீப்பெட்டியின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு பட்டை இருக்கிறதே, அதில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. உரசும் சூட்டில் கடுகிலும் சிறிய அளவு சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிக் குப்பென்று பற்றுகிறது. அந்தப் பொறியில் குளோரேட் உடைந்து ஆக்சிஜனைத் தருகிறது. மருந்து ஒரு பக்கம், பாஸ்பரஸ் ஒரு பக்கம் என்று பிரித்துவைத்ததால்தான் சட்டைப்பையில் கிடக்கும் பெட்டி தானாக எரிவதில்லை. 1844-ல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் கண்டுபிடித்த யோசனை இது.

சிவகாசியின் இன்னொரு தொழிலான அச்சுக்கும் உலர்காற்று நல்லது. காகிதம் ஈரத்தைக் குடித்தால் விரியும். காலண்டர் படத்தை நான்கு நிறமாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். நடுவில் காகிதம் ஒரு மயிரிழை விரிந்தாலும் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பட்டாசுக்கும் இதே கதை. காகிதக் குழாய் காய வேண்டும், ஒட்டிய பசை காய வேண்டும், ஃபேன்சி ரகங்களுக்குள் போகும் மணி மருந்து காய வேண்டும். அந்த மணிகள்தான் வானத்தில் நிறநிறமாக எரிபவை. ஸ்ட்ரான்சியம் சேர்ந்தால் சிவப்பு, செம்பு சேர்ந்தால் நீலம், சோடியம் சேர்ந்தால் மஞ்சள். உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது நீலத் தீ திடீரென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பிலும் வாணத்திலும் வேலை செய்வது ஒரே சோடியம்தான். பச்சைக்கு நெடுநாள் பேரியம் உப்பைப் போட்டார்கள்; அதன் நச்சுத்தன்மையால் 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காய்ந்த மருந்தில் ஓர் உரசல் போதும். ஈரம் பட்ட மருந்தோ இன்னும் மோசம். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த கலவையில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். செய்தித்தாளில் வருகிற வெடி விபத்துகளுக்குப் பின்னால் இந்த வேதியியல் உண்டு, அவசரமும் அலட்சியமும் உண்டு. ஒரு காலத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போனார்கள். 1986-ல் வந்த சட்டம் அதைத் தடுத்தது. எனவே மருந்தைக் கொட்டிப் பார்ப்பது, பிரித்துப் பார்ப்பது போன்ற “சோதனை” எதையும் நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

சரி, தோப்புக்குத் திரும்புவோம். அங்கே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். பேர் சாம்பல் நிற அணில், நரை அணில் என்றும் சொல்வார்கள். நம் வீட்டு மதிலில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. இது மூக்கிலிருந்து வால் நுனிவரை முக்கால் மீட்டர் இருக்கும், எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பாதிக்கு மேல் வால்தான். வால் மயிர்களின் நுனி வெளுத்திருப்பதால், எதிர்வெயிலில் பார்த்தால் சாம்பல் பூசியதுபோல் தெரியும். இந்த ஒரு அணிலுக்காகவே 1988-ல் இங்கே 480 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரு சரணாலயத்தை அறிவித்தார்கள். 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது.

இதைப் பார்க்கக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. அனுமதியில்லாமல் போகவும் கூடாது. யானை நடமாடும் இடம். அடிவாரத்துப் புளிய மரங்களும் மாமரங்களும் போதும். காலை வெயில் ஏறுமுன், இல்லையென்றால் மாலை நான்கு மணிக்குமேல் வாருங்கள். உச்சிவெயிலில் அது கிளையில் வயிற்றை ஒட்டி, நாலு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருக்கும், அப்போது நீங்கள் மரத்தடியில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. கூச்சல் போடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது, மேலிருந்து பொலபொலவென்று உதிரும் புளியம்பழ ஓடு. அண்ணாந்தால் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி முன்கால்களில் பழத்தைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். வால் எதிர்ப்பக்கம் தொங்கும், தராசின் மறுதட்டு மாதிரி.

அடுத்து கூட்டைத் தேடுங்கள். சுள்ளியும் பச்சை இலையும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டை, மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். கூடு இருக்கும் மரத்தின் கிளை பக்கத்து மரங்களைத் தொடுகிறதா என்று கவனித்து ஒரு படம் வரையுங்கள். பெரும்பாலும் தொடும். இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம்; கிளைக்குக் கிளை தாவியே போய்வரும். கழுகு மேலிருந்து பாய்ந்தால் தப்பிக்க இரண்டு மூன்று பக்கமும் வழி வேண்டும். நடுவில் ஒரே ஒரு மரத்தை வெட்டினால்கூட அதன் சாலை அறுந்துவிடும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை “அச்சுறுத்தலை நெருங்கும் இனம்” என்ற பட்டியலில் வைத்திருப்பதற்குத் துண்டுபட்டுப் போன காடுகளும் ஒரு காரணம்.

ஒரு புதிர். இந்த அணில் உலகிலேயே இரண்டே நாடுகளில்தான் இருக்கிறது: தென்னிந்தியாவின் சில காடுகளில், அப்புறம் இலங்கையில். தரையில் அபூர்வமாகவே இறங்கும் பிராணி கடலை எப்படித் தாண்டியது? தாண்டவே இல்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், உலகின் தண்ணீரில் இன்றைக்கு இருப்பதைவிட அதிகப் பங்கு பனிக்கட்டியாகத் துருவப் பக்கங்களில் கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே. பாக் நீரிணையின் ஆழமோ பல இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. அப்படியென்றால் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருந்தது தரைதான். பனி உருகிக் கடல் ஏறியபோது ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஓடைக்குப் போகலாமா? போகலாம், பெரியவர் ஒருவர் துணையோடு. அடிவாரத்தில் இந்தப் பேச்சு எல்லா விடுமுறையிலும் நடக்கும்:

“தாத்தா, தண்ணி கணுக்கால் அளவுதான இருக்கு. அந்த நடுப்பாறை வரைக்கும் போய்ட்டு வந்துரட்டுமா?”

“முதல்ல மலையப் பாருய்யா. மேல கருகருன்னு கிடக்கு. இங்க வெயிலடிக்குதுன்னு நம்பாத, கரையேறு.”

தாத்தா சொல்வது சுத்தமான அறிவியல். ஓடையில் வரும் தண்ணீர் நம் தலைக்குமேல் பெய்த மழை இல்லை. மலையில் பல கிலோமீட்டர் பரப்பில் பெய்தது. செங்குத்தான பாறைச் சரிவு தண்ணீரைக் குடிக்காது, உருட்டிவிடும். எல்லாப் பக்கத்துச் சிற்றோடையும் ஒரே நேரத்தில் ஒரே வாய்க்கு வந்தால், கணுக்கால் தண்ணீர் சில நிமிடத்தில் கழுத்தளவாகும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்பது, இவற்றில் எது நடந்தாலும் செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவிக்குப் போனாலும் இதே விதிதான்.

தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் கூழாங்கல் சேகரியுங்கள். அடிவாரத்தில் ஒரு பிடி, சமவெளியில் அர்ச்சுனா நதி மணலில் ஒரு பிடி, இன்னும் கிழக்கே வைப்பாற்றில் ஒரு பிடி. மலைப்பக்கத்துக் கல் பெரிது, மூலை மூலையாக இருக்கும். போகப் போக உருண்டு, தேய்ந்து, சிறுத்து, கடைசியில் மணல்.

பிளவக்கல் பக்கம் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. 2025-ல் இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ பரவி, பக்கத்தில் உள்ள கூமாபட்டி ஊரெல்லாம் பிரபலமானது. வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். செல்ஃபி எடுத்ததோடு திரும்பியவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம். அணைக்கரையில் பாறைகளைப் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்கிய தடம் வரிவரியாகத் தெரியும். எந்த வரி எந்த மழைக்கு என்று ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டால் போதும், பொழுது போய்விடும்.

மண்ணுக்கு வருவோம். இரண்டு கண்ணாடி பாட்டில் எடுங்கள். ஒன்றில் அடிவாரத்துச் செம்மண், இன்னொன்றில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் மண், ஆளுக்கு ஒரு கை. முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் மெல்ல இறங்கும். களிமண் துகள் மிகச் சிறியது, அது இறங்க மனமில்லாமல் தண்ணீரிலேயே நிற்கும். மறுநாளும் கலங்கி நிற்கிற பாட்டில் எது என்று பாருங்கள். கரிசலில் உள்ள களிமண் தகடு தகடாக அமைந்தது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஊதும், வெளியேறினால் சுருங்கும். கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடிப்பது இதனால்தான். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை வெடிப்புக்குள் விட்டு ஆழத்தை அளக்கலாம். கையை விடாதீர்கள், தேள் இருக்கும்.

கரிசலில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கற்கள் கிடைக்கும், சுக்கான் கல். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுங்கள். உற்றுப் பார்த்தால் நுரை கட்டும். சுண்ணாம்புச் சத்து அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது. மழை நிறையப் பெய்யும் ஊரில் இந்தச் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்து அடித்துக்கொண்டு போயிருக்கும். இங்கே மழை போதாததால் மண்ணிலேயே தங்கிவிட்டது. மறுபடியும் மலையின் கைவேலை.

நேரம் இருந்தால் வெம்பக்கோட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியதில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. கடலில் எடுத்த சங்கு இவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்றால், யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் கிளம்பும். கொய்யா, நாவல் மரத்தடியில் மறுநாள் காலையில் துப்பறியலாம். பழத்தில் உளியால் கொத்தியதுபோல் பல் தடம் இருந்தால் அணில் வேலை. பழத்தை மென்று சாற்றைக் குடித்து, சக்கையை மட்டும் உருட்டித் துப்பியிருந்தால் பழந்தின்னி வௌவால்.

இந்த மலைகளின் வௌவால் ஒன்றுக்கு உலகப் புகழ் உண்டு. 1948-ல் மேகமலையில் தோட்டத் தொழிலில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். அது சாதாரண வௌவால் என்று சீட்டு எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுக்கும் மேல் அப்படியே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அங்கே வந்து அதன் பல்லையும் மண்டையோட்டையும் சோதித்தபோதுதான், உலகில் வேறு யாரோடும் சேராத தனிப் பேரினம் அது என்று தெரிந்தது. 1972-ல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். நீங்கள் பார்க்கும் எதற்கும் பெயர்ச்சீட்டு சரியாக இருக்கிறதா என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

இருட்டியபின் மாடிக்கு ஏறுங்கள். ஊர் வெளிச்சம் குறைவாக இருப்பதால் விடுமுறையின் சிறந்த நேரம் இதுதான் என்பேன். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்; கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரி. வடக்கே அடிவானத்தின்மேல் ஒரு முட்டியை வைத்தால் அதன் உச்சியில், கொஞ்சம் மங்கலாக, துருவ நட்சத்திரம். ஏன் ஒரே ஒரு முட்டி? நாம் நிற்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 9.5 டிகிரியில். ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரமும் அவ்வளவே. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் ஒரு குடிசை வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஆறு முட்டி உயரத்தில் தெரியும். ஆனால் மே மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் நமக்குத் தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும் தென்சிலுவையை அந்தப் பிள்ளை அங்கிருந்து பார்க்கவே முடியாது.

அதே 9.5 டிகிரிக்கு ஒரு பகல் வேடிக்கையும் உண்டு. சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14, 15 வாக்கில், பகல் 12.20 மணிக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வாசலில் நிறுத்திய செம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில், மேகம் விட்டால், இன்னொரு தடவை பார்க்கலாம்.

தீபாவளிக்கு அடிவாரத்தில் இருந்தால் கிழக்கே திரும்பி நில்லுங்கள். வானம் தெளிந்திருந்தால் சிவகாசிப் பக்கத்து வாணங்கள் அடிவானத்தில் சின்னச் சின்னப் பொட்டாகத் தெரியக்கூடும். 50 மீட்டர் அகலத்துக்கு விரியும் வாணம் 25 கிலோமீட்டர் தூரத்தில் நிலாவின் அகலத்தில் கால்வாசிதான் இருக்கும். சத்தம்? ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 25 கிலோமீட்டரைக் கடக்க 73 வினாடி வேண்டும். வழியிலேயே காற்று அதை விழுங்கிவிடுவதால் காத்திருந்தும் பயனில்லை.

பக்கத்து ஊர் வாணத்துக்கு இந்தக் கணக்கு பலிக்கும். வெளிச்சம் தெரிந்ததும் “ஒன்று, இரண்டு” என்று வினாடிகளை எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில். ஐப்பசி மாதம் என்பதால் வாணத்தோடு இடியும் வரலாம், அதற்கும் இதே கணக்கு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கை முப்பதைத் தொடவில்லை என்றால், பத்துக் கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறது. மாடியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போங்கள். மரத்தடி வேண்டாம்.